1,400 ஷில்லிங்கில் ஒரு மாதம்

“அகதி முகாமுக்குள்ள எதுக்கு தம்பி இத்தனை கடை?”

கேட்டவர் எங்கள் தெரு அண்ணன். நியாயவிலைக் கடையில் எடையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ அனுப்பிய காணொளி ஒன்றை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கென்யாவில் இருக்கும் காக்குமா முகாம். தகரக் கூரை போட்ட கடைகள் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் தையல் மெஷின் மிதிக்கிறார், இன்னொருவர் செல்போன் பழுது பார்க்கிறார், எத்தியோப்பியப் பெண்மணி ஒருவர் அகலத் தட்டில் இஞ்செரா பரிமாறுகிறார். “சாப்பாட்டுச் சாமான் ஐ.நா.காரங்க கொடுக்கிறாங்க. அப்புறம் யாபாரம் எங்கேருந்து வருது? கொடுத்ததை வித்துர்றாங்களா?”

கொடுத்ததையும் விற்கிறார்கள்தான். ஆனால் அது பதிலில் சிறு துண்டு. முழுப் பதிலுக்குள் முப்பது வருட வரலாறு இருக்கிறது, ஒரு செல்பேசி நிறுவனம் இருக்கிறது, ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முள்மரம் இருக்கிறது, கென்ய நாடாளுமன்றத்தின் சட்டங்கள் இருக்கின்றன. இன்னொரு டீ சொல்லிவிட்டு அவரிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காக்குமா, கென்யாவின் வடமேற்கு மூலையில் துர்கானா மாவட்டத்தில் இருக்கிறது. தலைநகர் நைரோபியிலிருந்து சாலை வழியே 700 கிலோமீட்டருக்கும் மேல். தெற்கு சூடான் எல்லைதான் அதற்குக் கிட்டம். ஆடும் ஒட்டகமும் மேய்த்துப் பிழைக்கும் துர்கானா மக்களின் வறண்ட பூமி அது. தராச் என்றொரு காட்டாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. ஓடுகிறது என்பதுகூடப் பெரும்பாலான நாட்களில் சரியில்லை, வெறும் மணல்தான். எங்கோ மேட்டில் மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் வந்து கரையோர மண்சுவர் வீடுகளைக் கரைத்துவிட்டுப் போகும்.

இந்த இடத்துக்கு அகதிகள் வந்தது 1992இல். சூடானின் உள்நாட்டுப் போரில் பெற்றோரை இழந்தும் பிரிந்தும் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் எத்தியோப்பியாவுக்கு நடந்தே போயிருந்தார்கள். 1991இல் அங்கே மெங்கிஸ்டுவின் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கிருந்தும் விரட்டப்பட்டார்கள். திரும்பவும் நடை. கடைசியில் கென்யா எல்லையைத் தாண்டி வந்தவர்களுக்காகத் திறக்கப்பட்டதுதான் காக்குமா. “தொலைந்த சிறுவர்கள்” என்று உலகப் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதின. அவர்களில் 3,800 பேர் வரை 2000, 2001 ஆண்டுகளில் அமெரிக்காவில் குடியேற்றப்பட்டார்கள். அதோடு முகாமின் வேலை முடிந்துவிடவில்லை. சோமாலியர், எத்தியோப்பியர், காங்கோக்காரர், புருண்டியர் என்று ஒவ்வொரு போருக்கும் ஒரு கூட்டம் வந்துகொண்டே இருந்தது. இன்று காக்குமாவிலும் அதையொட்டிய கலோபெயேய் குடியிருப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 3 லட்சம் பேர். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்களும் அதில் உண்டு.

முப்பது வருடத்தைத் தாண்டிய இந்த ஊருக்கு நிரந்தரமான வருமானம் என்று எதுவும் கிடையாது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமும் உலக உணவுத் திட்டமும் நாடுகள் மனமுவந்து தரும் நன்கொடையில் நடப்பவை. இந்த வருடம் வந்த பணம் அடுத்த வருடம் வரும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. எங்கோ வேறொரு போர் மூண்டால், ஏதோ ஒரு தலைநகரில் ஆட்சி மாறினால், காக்குமாவில் ஒரு குடும்பத்தின் சோளமாவு குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

புதிதாக ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாடாபால் எல்லையில் பதிந்து, வண்டியேறி, வரவேற்பு மையத்துக்கு வருவார்கள். பொதுக் கொட்டகையில் படுக்கை, சமைத்த சாப்பாடு. விரல்ரேகை எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள், குடும்பத்தில் எத்தனை தலை என்று எண்ணுவார்கள். பிறகு மனை ஒன்றைக் காட்டி, தார்ப்பாய், பாய், போர்வை, பாத்திரம், தண்ணீர் பிடிக்க ஜெரிக்கேன் என்று கொடுத்து அனுப்புவார்கள். அன்று எழுதப்படும் தலைக்கணக்குதான் அதற்குப் பின் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: எவ்வளவு உணவு, எவ்வளவு சோப்பு, எத்தனை பேருக்குக் கொசுவலை. குழந்தை பிறந்தால் சேர்க்க வேண்டும், ஆள் இறந்தால் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் வரிசை உண்டு. “குடும்ப அட்டையில பேரு சேர்க்கிறது நீக்குறதுதானே, என்கிட்ட கேளு” என்றார் அண்ணன். அவருக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

உணவுக்கு வருவோம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது உலக உணவுத் திட்டம் முழுப்படிக்கு வைத்திருக்கும் அளவு. நெடுங்காலம் அது மூட்டையாகத்தான் வந்தது: மக்காச்சோளம் அல்லது சோளம், பயறு வகை, எண்ணெய், உப்பு. வாங்குபவருக்கு அதில் உள்ள சிரமம் எளிமையானது. சோளத்தை அரைக்க மில்லுக்குக் காசு வேண்டும். அந்தக் காசுக்குச் சோளத்தில் கொஞ்சம் விற்க வேண்டும். சோமாலியக் குடும்பத்துக்கு அரிசியும் மாக்கரோனியும் பழக்கம், காங்கோக்காரருக்கு மரவள்ளி மாவு. டீத்தூள், சர்க்கரை, பால், குழந்தைக்குச் செருப்பு எதுவும் மூட்டைக்குள் இல்லை. ஆகவே விநியோக நாளன்று எல்லாரும் ஒரே சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள், விலை விழும். நன்கொடை நாடுகள் கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி, பெருஞ்செலவில் கொண்டுவந்த தானியம் வழிச்செலவுக்கும் ஆகாத விலைக்குக் கைமாறும்.

இதைப் பார்த்துத்தான் 2015 ஆகஸ்டில் “பம்பா சாக்குலா” தொடங்கினார்கள். செல்பேசி வழியாகப் பணம் அனுப்புவதில் கென்யா அப்போதே முன்னோடி. சஃபாரிகாம் நிறுவனத்தின் எம்-பெசா 2007இலேயே வந்துவிட்டது. அதே நிறுவனத்தின் சிம் கார்டை அகதிக் குடும்பங்களுக்குக் கொடுத்து, உணவின் ஒரு பங்கை ஷில்லிங்காக அதில் ஏற்றினார்கள். காக்குமாவில் தனியாள் என்றால் மாதம் 500 ஷில்லிங், பெரிய குடும்பம் என்றால் தலைக்கு 300, மீதி மூட்டையாக. பணத்தைக் கையில் எடுக்க முடியாது. உரிமம் பெற்ற கடையில் உணவுப்பொருள் மட்டும் வாங்கலாம். ஆனாலும் பாலோ, தக்காளியோ, இறைச்சியோ, தனக்கு வேண்டியதை வாங்கலாம்.

கடைக்குப் பணம் வரும் வழியில் முக்கியமானது இது. இன்னும் சில வழிகள் உண்டு. மினியாபொலிஸிலும் மெல்பர்னிலும் குடியேறிய உறவினர்கள் ஹவாலா முகவர் மூலம் அனுப்பும் பணம், தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் அகதிகள் வாங்கும் ஊக்கத்தொகை, துர்கானாக்காரர்கள் ஆடு விற்றுவிட்டு வந்து வாங்கும் சர்க்கரை. எல்லாம் சேர்ந்தால் சிறு தொகை அல்ல. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, காக்குமாவை ஒரு சந்தையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. 2,000க்கும் மேற்பட்ட கடைகள், வருடத்துக்கு சுமார் 5.6 கோடி டாலர் புழக்கம். மொத்த வியாபாரிகளே பத்துக்கு மேல். மின்கம்பி போகாத இடங்களில் டீசல் ஜெனரேட்டர் வாங்கி வைத்து, தெருவுக்கே கம்பி இழுத்து, மாதக் கட்டணத்துக்கு விளக்கும் குளிர்பெட்டியும் ஓட்டியவர்களும் அகதிகள்தான்.

அண்ணன் இடைமறித்தார். “அப்போ உரிமம் கிடைச்ச கடைக்கு யோகம்தான்.” உண்மைதான். பம்பா சாக்குலா உரிமம் கிடைத்த கடைகளையும் விண்ணப்பித்துக் கிடைக்காத கடைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. உரிமம் பெற்றவர்களின் விற்பனையும் லாபமும் மற்றவர்களை வெகுவாக மிஞ்சின. ஒரு காகிதம் இருவரின் தலைவிதியை வேறாக்கியது. சந்தைக்குள் பணம் விட்டால் அது எந்தக் கதவு வழியே நுழைகிறதோ அந்தக் கதவுக்காரர் வளர்வார். பிறகு பணத்தை வங்கிக் கணக்கிலேயே போட்டு, எங்கே வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்று விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கலோபெயேயில் 2019இல் அந்த மாற்றம் தொடங்கியது.

ஆனால் கணக்குப் பதிவேட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை வரும் பணம் மாதக் கடைசிவரை தாங்காது. சில மாதம் தேதி தள்ளிப்போகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டும் என்றால் கடன்தான். கடைக்காரர் எதை நம்பிக் கடன் கொடுப்பார்? நகை இல்லை, நிலப்பத்திரம் இல்லை. இருப்பது அந்த சிம் கார்டு, பிறகு வந்த ஏடிஎம் அட்டை. அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவைப்பார்கள், ரகசிய எண்ணோடு. பணம் ஏறிய அன்று கடைக்காரரே எடுத்துக்கொண்டு பழைய பாக்கியைக் கழித்து, அடுத்த மாதத்துக்குச் சாமான் கொடுப்பார். “ரேஷன் கார்டை அடகு வைக்கிற மாதிரியேதான்” என்றார் அண்ணன், கொஞ்சம் கோபமாக. அவர் கடைக்கு அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து சாமான் வாங்கிப்போன வட்டிக்காரர்களை அவர் மறக்கவில்லை.

கலோபெயேயில் பெரும்பாலான குடும்பங்கள் இப்படிக் கடைக்குக் கடன்பட்டவை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அட்டை ஒரு கடையில் மாட்டிக்கொண்டால் பக்கத்துக் கடையில் விலை குறைவாக இருந்தாலும் போக முடியாது. தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று கொடுத்த பணம் தேர்வையே இழக்கச் செய்கிறது. இதற்காகக் கடைக்காரரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் பெரும்பாலும் அகதிதான். அவர் மொத்த வியாபாரியிடம் கடன் வைத்திருக்கிறார். சம்பளச் சீட்டும் ஜாமீனும் கேட்கும் வங்கியில் நுழைய முடியாத ஒரு தாய்க்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் கடன் தரும் ஒரே ஆள் அவர்தான். கேட்க வேண்டியது அந்தத் தாய்க்குச் சம்பளச் சீட்டு ஏன் இல்லை என்பதை. அதற்குச் சற்றுப் பொறுங்கள்.

முதலில் கலோபெயேய். காக்குமாவுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, 1,500 ஹெக்டேர் நிலத்தில், 2016இல் குடியேற்றம் தொடங்கிய புதுக் குடியிருப்பு. அதற்கு முந்தைய வருடம் துர்கானா மாவட்ட அரசும் அகதிகள் ஆணையமும் பேசி முடித்த ஏற்பாடு. முகாம் என்ற சொல்லையே தவிர்த்தார்கள். அகதிக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே பள்ளி, ஒரே மருத்துவமனை, ஒரே சந்தை. மூட்டைக்குப் பதில் ஏறக்குறைய முழுப்படியும் பணமாக, தலைக்கு மாதம் 1,400 ஷில்லிங். அன்றைய மதிப்பில் நம் பணம் 900 ரூபாய் அளவுக்கு. வீட்டு முற்றத்தில் காய்கறிப் பாத்தி போட ஊக்கம். வீடு கட்டவும் பணத்தைத் தவணையாகக் குடும்பத்தின் கையிலேயே கொடுத்தார்கள். அவர்களே கொத்தனாரைப் பேசி, செங்கல் வாங்கி, தகரம் போட்டுக்கொள்ளலாம். நினைத்துப் பார்த்தால் நல்ல திட்டம். மனதார நல்லது செய்ய நினைத்தவர்கள் போட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் பெட்ஸ், நாவோஹிகோ ஓமாட்டா, ஒலிவியே ஸ்டெர்க் ஆகியோர் இரண்டு இடங்களையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கலோபெயேயில் இருப்பவர்களின் சாப்பாடு சற்று மேலாக இருந்தது. ஆனால் சொந்தக்காலில் நிற்பது என்ற பெரிய இலக்கு எட்டவில்லை. உதவியை நிறுத்தினால் இரண்டு இடத்திலும் பட்டினிதான். அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். கலோபெயேயில் உதவி அதிகம் என்று தெரிந்தும் காக்குமாக்காரர்கள் அங்கே குடிபெயர விரும்பவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. யாருக்குத்தான் மனம் வரும்? காக்குமாவில் கடன் தரும் கடை இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாள், தன் மொழியில் ஜெபிக்கும் சபை இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, சாவுக்கு வந்து நிற்க இனத்தார் இருக்கிறார்கள். வருடக்கணக்காக ஒருவருக்கொருவர் செய்த உபகாரங்கள் அங்கே வரவில் இருக்கின்றன. திட்ட வரைபடத்தில் அவை எதுவும் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் உயிரோடு இருப்பதற்கு அவைதான் பாதிக் காரணம்.

“தண்ணிக்கு என்ன பண்றாங்க?” ஆற்றங்கரையோரம் ஆழ்துளைக் கிணறு போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, தெருக்குழாயில் நேரம் வைத்துத் திறந்துவிடுகிறார்கள். மோட்டாருக்கு டீசல் போய் சூரிய ஒளித் தகடு வந்திருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்பது அகதிகள் ஆணையத்தின் அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாமே அதற்குள். அந்த வெயிலில் அது எத்தனை சிறிய அளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவும் கிடைக்காத பகுதிகள் உண்டு. மஞ்சள் ஜெரிக்கேன்கள் ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும்.

தண்ணீரைவிட விறகின் கதை எனக்கு முக்கியம். அங்கேதான் துர்கானா மக்கள் கதைக்குள் வருகிறார்கள், நம் முள்மரமும் வருகிறது. அகதிகள் காட்டில் மரம் வெட்டக் கூடாது. விறகு உள்ளூர்க்காரருக்கு உரியது என்பது முகாம் தொடங்கிய காலத்து ஏற்பாடு. மீறிப் போன பெண்கள் அடிபட்டதும் அதைவிடக் கொடியதற்கு ஆளானதும் நடந்திருக்கிறது. அதனால் விறகை உள்ளூர் மக்களிடம் விலைக்கு வாங்கி முகாமில் பங்கிடுகிறார்கள். அது போதாது. பயறு வேக நேரமாகும். ஒரு குடும்பத்தின் பங்கு விறகு மாதத்தின் பாதிக்கு முன்பே தீர்ந்துவிடும். பிறகு? துர்கானாப் பெண் தலையில் கரிமூட்டையோடு தெருவில் வருவாள். அகதிப் பெண் தன் பங்கு மாவிலிருந்து ஒரு கிண்ணம் அளந்து கொடுத்து வாங்குவாள். விறகும் கரியும் அந்தப் பக்கம், மாவும் எண்ணெயும் இந்தப் பக்கம். அகதி வீட்டில் தண்ணீர் சுமந்து, துணி துவைத்து, கூலியாக மாவு வாங்கிப்போகும் துர்கானாப் பெண்களும் உண்டு.

அந்த விறகில் பெரும்பகுதி சீமைக்கருவேலம். கென்யாவில் அதை மத்தெங்கே என்கிறார்கள். 1980களில் பாலை பரவாமல் தடுக்கவும் விறகுக்காகவும் வெளிநாட்டு உதவித் திட்டங்கள் அங்கே நட்டன. நம் ஊரில் என்ன நடந்ததோ அதேதான் அங்கும். ஆற்றங்கரையெல்லாம் அடைத்துக்கொண்டது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. கென்யாவின் பாரிங்கோ பகுதி மக்கள் அதன் காயைத் தின்று பல் கொட்டிப்போன ஆட்டை நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டி அரசின்மீது வழக்குப் போட்டார்கள். ஆனால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ராமநாதபுரத்துக் குடும்பத்தைப் போலவே, துர்கானாவிலும் அதை வெட்டி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. காக்குமாவின் அடுப்புகள் அந்த மரத்தை நம்பியே எரிகின்றன.

துர்கானா கென்யாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் ஒன்று. வறட்சியில் ஆடு செத்து விழும்போது, கண்ணெதிரே வெளியாருக்கு லாரி லாரியாக உணவு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கசப்பு வந்ததில் வியப்பில்லை. சண்டைகளும் உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. அதே நேரம், அகதிகள் இருப்பதால் துர்கானாவின் பொருளாதாரம் 3.4 சதவீதம் கூடுதலாக இருக்கிறது என்று உலக வங்கியின் 2016ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. ஆடு விற்கச் சந்தை, பிரசவத்துக்கு மருத்துவமனை, பிள்ளைக்குப் பள்ளி ஆகியவை முகாமோடு வந்தவை. முகாமின் பெரிய மருத்துவமனையில் துர்கானாப் பெண்களும் பிரசவம் பார்க்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று நம்பித்தான் இருக்கின்றன. முகாமை மூடு என்று நைரோபியிலிருந்து குரல் எழும்போதெல்லாம் இதை யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2021 மார்ச்சில் அரசு அகதிகள் ஆணையத்துக்கு 14 நாள் கெடுவே கொடுத்தது.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. கென்யப் பாடத்திட்டம், ஆங்கிலமும் சுவாஹிலியும். அரபு பேசி வளர்ந்த பதினாலு வயதுப் பையன் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவான். தொடக்கப் பள்ளி வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதே பள்ளியில் படித்து முடித்த அகதி இளைஞர்கள்.

இங்கேதான் அந்தச் சம்பளச் சீட்டு. அந்த ஆசிரியர் சம்பளம் வாங்குவதில்லை, ஊக்கத்தொகை வாங்குகிறார். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பவர், தண்ணீர்க் குழாயைப் பராமரிப்பவர், இரவில் ரோந்து போகும் சமாதானக் குழுவினர், எல்லாருக்கும் அதேதான். அதே வேலையைப் பக்கத்தில் நின்று செய்யும் கென்யர் வாங்குவதில் சிறு பங்கு. காரணம், அகதி முறைப்படி வேலை பார்க்க அரசின் வேலை அனுமதி வேண்டும். அது கிடைப்பது குதிரைக்கொம்பு. முகாமைவிட்டு வெளியூர் போகவும் பயண அனுமதிச் சீட்டு வேண்டும். காரணம் எழுதி விண்ணப்பித்து, இத்தனை நாளில் திரும்புவேன் என்று சொல்லி வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல், லோட்வார் நகரத்துக்குப் போகும் சாலையில் போலீஸ் தடுத்தால் பிடிபடுவார்கள், அல்லது கைக்காசு இழப்பார்கள். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் அகதிகள் அணியின் பத்துப் பேரில் ஐவர் காக்குமாவில் கண்டெடுக்கப்பட்ட தெற்கு சூடானியர். அவர்களில் ஒருவரான ரோஸ் நாதிக்கே லோகோன்யென் தொடக்க விழாவில் அணியின் கொடியைப் பிடித்து நடந்தார். அவர்கள் பயிற்சி பெறுவதற்கு நைரோபி அருகே ஙோங் மலைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அந்தத் திறமை வெளியே வர ஒருவர் கைபிடித்து அழைத்துப்போனார். மற்றவர்களுக்கு அழைத்துப்போக ஆளில்லை.

நான் அண்ணனிடம் அழுத்திச் சொன்னது இதைத்தான். கலோபெயேயில் நிலம் கொடுத்தார்கள், வீட்டுக்குக் காசு கொடுத்தார்கள், பணமாக உணவு கொடுத்தார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள். தாராளமாகப் போகவும் வரவும் வேலை பார்க்கவும் மட்டும் விடவில்லை. தையல் கற்ற ஐம்பது பெண்களும் ஒரே தெருவில் ஒருவருக்கொருவர் துணி தைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பார்கள்? வாங்குபவரிடம் காசு வேண்டுமே. அந்தக் காசும் அதே 1,400 ஷில்லிங்கிலிருந்துதான் வர வேண்டும்.

“பக்கத்து நாட்டில எப்படி?” என்றார். உகாண்டாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டமே அகதிக்கு வேலை பார்க்கவும் நடமாடவும் உரிமை தருகிறது. குடியிருப்பில் வீட்டுக்கும் பயிருக்கும் துண்டு நிலமும் தருகிறார்கள். 2016 ஆகஸ்டில் யும்பே மாவட்டத்தில் திறந்த பிடிபிடி குடியிருப்பு, அந்த வருட முடிவுக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தெற்கு சூடானியரை ஏற்றுக்கொண்டது. பெருந்தன்மையான ஏற்பாடு. ஆனாலும் அங்கே கொடுத்த மனை 30 மீட்டருக்கு 30 மீட்டர், பல இடத்தில் கல்பூமி. மழை தவறினால் அதுவும் இல்லை. ஆகவே அனுமதி மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். உகாண்டா அகதி வேலை தேடி கம்பாலாவுக்குப் பேருந்து ஏற யாரிடமும் சீட்டு கேட்க வேண்டியதில்லை. காக்குமாக்காரருக்கு அந்த வழி இல்லை.

கென்யாவிலும் சட்டம் மாறியிருக்கிறது. 2021இல் நிறைவேறி, 2022இல் நடைமுறைக்கு வந்த அகதிகள் சட்டம், வேலைக்கும் தொழிலுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2025 மார்ச்சில் குடியரசுத் தலைவர் வில்லியம் ரூட்டோ “ஷிரிக்கா” திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முகாம்களைப் படிப்படியாக அகதிகளும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வாழும் ஊர்களாக்குவது அதன் நோக்கம். காக்குமாவுக்கு நகராட்சித் தகுதியும் வந்தது. இத்தனை நாள் கேட்டதெல்லாம் காகிதத்தில் வந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் பணம் நின்றது. பெருங்கொடையாளரான அமெரிக்கா 2025 தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அகதிகளைக் குடியேற்றும் திட்டமும் நின்றது. விமானத்துக்குப் பெயர் வந்து, வீட்டுச் சாமானை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். உணவுப் படி குறைந்துகொண்டே வந்து, முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மார்ச்சில் மக்கள் காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். போலீஸோடு மோதலாகிச் சிலர் குண்டடிபட்டார்கள்.

2025 ஆகஸ்டு முதல் எல்லாருக்கும் ஒரே அளவு என்பது போய்விட்டது. குடும்பங்களை வறுமையின் அளவுக்கு ஏற்ப நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். மிக நலிந்தவர்கள் முதல் பிரிவில். நான்காவதில் வைக்கப்பட்டவர்களுக்கு உணவு உதவி கிடையாது. தாங்களே பார்த்துக்கொள்ள முடியும் என்று முடிவு. அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். யாருக்கு வெள்ளை அட்டை, யாருக்குப் பச்சை அட்டை என்று தெருவில் நடந்த சண்டைகளைப் பார்த்தவர். “யாரு எந்தப் பிரிவுன்னு எப்படி முடிவு பண்ணாங்க?” குடும்பத்தில் உழைக்கக்கூடியவர்கள் எத்தனை பேர், வருமானம் உண்டா, கடை உண்டா என்றெல்லாம் பார்த்தார்கள். பிழை என்று நினைத்தால் முறையீடு செய்யலாம்.

பணம் இவ்வளவுதான் என்றால் மிகவும் நலிந்தவருக்கு முதலில் என்பது தவறில்லை. ஆனால் ஒரு சிறு மளிகைக் கடை இருந்தது என்பதற்காக நான்காம் பிரிவில் வைக்கப்பட்ட குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அவர்களின் வாடிக்கையாளர்கள் முதல் மூன்று பிரிவுக்காரர்கள். அவர்கள் கையில் வரும் பணம் குறைந்துவிட்டது. கொடுத்த கடன் திரும்பவில்லை. உள்ளூர்ச் சந்தை சுருங்கினால் வியாபாரி என்ன செய்வார்? கிட்டாலே நகரத்தில் மக்காச்சோளம் மலிவாக இருக்கும், நேரே போய் வாங்கி வரலாம். எல்டோரெட் நகரத்தில் ஒரு மாதம் கூலி வேலை பார்த்து முதல் சேர்க்கலாம். அதற்கு இன்னும் அந்தப் பயண அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஷிரிக்கா திட்டத்துக்குப் பல வருடக் கால அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அரசு நிர்வாகத்தோடு இணைப்பது இருக்கிறது, சாலை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. எல்லாம் தேவைதான். நான் முதலில் தேடிப் படிக்கப்போவது வேறொரு செய்தி: லோட்வார் சாலைச் சோதனைச்சாவடியில் அகதி அடையாள அட்டையை மட்டும் காட்டினால் விடுகிறார்களா என்பது. காக்குமாவில் அகதிகளே 2008 முதல் நடத்திவரும் “கனேரே” என்ற செய்தியேடு இருக்கிறது. அப்படி ஒருநாள் நடந்தால் அதில்தான் முதலில் எழுதுவார்கள்.